பார்க்காமல் வைத்த பொட்டு

முழங்கால் தொண்ணூற்றைந்து டிகிரி மடங்குகிறது என்று பிசியோதெரபி செய்யும் பெண் அளந்து சொன்னபோது சின்ன மச்சானுக்குச் சந்தோஷம் வரவில்லை. தொண்ணூறைத் தாண்டினால் வண்டி ஓட்டலாம் என்று ஆறு மாதத்துக்கு முன்னால் சொன்னவளும் அவள்தான். எழுபதோடு நின்றுவிடும், நமக்கும் ஒரு சாக்கு கிடைத்துவிடும் என்று அவர் உள்ளுக்குள் நம்பியிருந்தார். பாழாய்ப்போன முழங்கால் ஒழுங்காக மடங்கித் தொலைத்தது.

"அப்ப வண்டி ஓட்டலாமா?" என்று பக்கத்தில் நின்ற மனைவி கேட்டாள்.

"தாராளமா ஓட்டலாம். முதல்ல தெருவுக்குள்ளயே ஓட்டிப் பழகட்டும். பயம்தான் போகணும்."

எல்லோரும் இந்தப் பயத்தைப் பற்றியேதான் பேசினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். மனைவி வேலை பார்க்கும் மருந்துக் கடையில் மாத்திரை வாங்க வருகிறவர்கள்கூடச் சொல்லி அனுப்பினார்கள். வண்டியிலிருந்து விழுந்தவனுக்கு ரோட்டைக் கண்டால் நடுங்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்று. சின்ன மச்சானும் தலையை ஆட்டிவைப்பார். ஆனால் ரோட்டைக் கண்டு அவருக்கு ஒரு நடுக்கமும் இல்லை. கால் மடங்காதவரை எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை, யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. இப்போது மடங்கிவிட்டது, அதுதான் பயம்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டாள். "திங்கக்கிழமை அந்த பைக் ஷோரூம்ல போயி ஒரு வண்டிய ஓட்டிக் காட்டிடுங்க. வேலை குடுக்கறேன்னுதான் சொல்றாங்க. எங்கண்ணன் பட்டறைப் பக்கம் மட்டும் தலைவெச்சுக்கூடப் படுக்க வேண்டாம்."

அந்தப் பட்டறையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். வாசலில் பெயர்ப் பலகை ஒன்று உண்டு. எழுதியவரைத் தவிர அதை யாரும் படித்ததில்லை. இருசக்கர வண்டிகளைப் பழுது பார்க்கும் இடம். நடத்தியவர்கள் இரண்டு பேர். ஒருவரின் தங்கையை மற்றவர் கட்டியிருந்தார். ஒருவர் "மாப்ள, அந்த ஸ்பேனர எடு" என்று கத்த, இன்னொருவர் "இந்தாங்க மச்சான்" என்று கத்த, வாடிக்கையாளர்கள் கேட்டுக் கேட்டு இருவரையுமே மச்சான் ஆக்கிவிட்டார்கள். அண்ணன்காரர் பெரிய மச்சான், தங்கை புருஷன் சின்ன மச்சான். பெரிய மச்சானுக்கு இடது கண்ணில் பார்வை மங்கல். வண்டிக்கு எல்லா வைத்தியமும் பார்ப்பார், ஏறி மட்டும் உட்காரமாட்டார். ஓட்டிப் பார்த்துச் சரி சொல்வது சின்ன மச்சான் வேலை.

அங்கே ஒரு சட்டம் இருந்தது. நட்டை முறுக்கியவன் அதற்குப் பொட்டு வைக்கக் கூடாது. ஒருவர் முறுக்க வேண்டும். மற்றவர் வந்து ஸ்பேனர் போட்டு அசைத்துப் பார்க்க வேண்டும். அசையவில்லை என்றால் சின்னத் தூரிகையால் மஞ்சள் பெயிண்டை நட்டின் தலையில் தொட்டு வைக்க வேண்டும். மஞ்சள் பொட்டு இருந்தால் அந்த நட்டை அதற்குமேல் யாரும் தொடத் தேவையில்லை. பெரிய மச்சான் கொண்டுவந்த சட்டம் இது. பதினோரு வருஷத்தில் அவர் சோதித்துப் பார்த்த நட்டுகளில் ஒன்றுகூட அசைந்ததில்லை.

அதுதான் வினை. முதல் இரண்டு வருஷம் ஸ்பேனர் போட்டுப் பார்த்தார். பிறகு விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு கண்ணால் பார்த்தார். கடைசி நாலைந்து வருஷம் பெயிண்ட் டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு, யாரோடோ பேசிக்கொண்டே, போகிற போக்கில் பொட்டு வைத்துக்கொண்டு போனார். மாப்பிள்ளை முறுக்கினால் முறுக்கினதுதான் என்ற நம்பிக்கை. அதில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் நம்பிக்கை வேறு, நட்டு வேறு.

அன்றைக்கு நடந்தது ரொம்பச் சின்ன விஷயம். சின்ன மச்சான் ஒரு வண்டிக்குப் பின்சக்கரம் மாற்றிக்கொண்டிருந்தார். சக்கரத்தின் நடுத்தண்டில் போடும் பெரிய நட்டை விரலால் இரண்டு சுற்றுச் சுற்றி நிறுத்திவிட்டு ஸ்பேனரைக் கையில் எடுத்தார். போன் அடித்தது. கடை திறந்திருக்கிறதா என்று யாரோ ஒரு வாடிக்கையாளர் கேட்டார். "திறந்துதாங்க இருக்கு, வாங்க" என்று சொல்லிவிட்டு, கைதுடைக்கிற துணியைத் தேடிப் போய், ஒரு வாய் தண்ணீர் குடித்துத் திரும்பி வந்தபோது நட்டின் தலையில் மஞ்சள் பொட்டு ஈரமாக இருந்தது. பொட்டு இருந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். அந்த நட்டை முறுக்கவில்லை என்பது உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும், அந்த ஆளே பொட்டைப் பார்த்து நம்பிவிட்டார். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மூன்றாவது கிலோமீட்டரில் சக்கரம் ஒருபக்கமாக இழுத்துச் செயினைக் கக்கியது. கழன்ற செயின் சுற்றிக்கொண்டு சக்கரம் பூட்டிக்கொண்டது. நின்றுகொண்டிருந்த லாரியின் பின்பக்கம் வரை அவரும் வண்டியும் இழுபட்டுப் போனார்கள். இடது தொடை இரண்டு துண்டு, முழங்காலுக்குக் கீழே நாலு துண்டு, தலையில் அடி, பதினேழு நாள் தீவிர சிகிச்சை. மூன்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு காலில் இரண்டு தகடு, எண்ணிக்கை மறந்துபோன திருகாணிகள். இடது கால் ஒரு விரற்கடை குட்டையாகிவிட்டது.

பெரிய மச்சான் அன்றைக்கே மருத்துவமனை வராந்தாவில், சொந்தபந்தம் எல்லாம் கூடி நிற்கும்போது தங்கையிடம் வந்து சொன்னார். "நட்ட நான் பாக்கல. பாக்காமலே பொட்டு வெச்சுட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். தங்கை அவரை ஒரு பார்வை பார்த்தாள். "இனிமே என் மூஞ்சில முழிக்காத" என்றாள். அன்றோடு பேச்சு அறுந்தது. அவர் கொண்டுவந்த சாப்பாட்டு கேரியர் தொடாமல் திரும்பிப் போனது. ஆஸ்பத்திரி வாசலில் மணிக்கணக்கில் உட்கார்ந்துவிட்டுப் போவார். அவள் பின்வாசல் வழியாக இறங்கி வருவாள்.

அடிபட்ட நாள் ஞாபகம் வராமலே போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வந்தது. இரண்டாம் மாதம், வீட்டில் கட்டிலில் மல்லாந்து கிடந்த ஒரு மத்தியான வேளையில், பக்கத்து வீட்டில் போன் அடித்தது. யாரோ எடுத்து "வாங்க, வாங்க" என்று சொன்னார்கள். சின்ன மச்சானுக்கு விரல் நுனியில் கிரீஸ் பிசுபிசுத்தது. இரண்டு சுற்று, போன், துணி, தண்ணீர், ஈரப் பொட்டு. எல்லாம் வரிசையாக வந்து நின்றது.

அன்று சாயங்காலமே மனைவியிடம் சொல்லியிருக்கலாம். அவளோ அவருக்கு உடம்பு துடைத்துவிட்டுக்கொண்டே, "என் கூடப்பொறந்தவனே என் குடும்பத்துல மண்ணள்ளிப் போட்டுட்டான்" என்று அழுதுகொண்டிருந்தாள். எழுந்து உட்கார்ந்ததும் சொல்லலாம் என்று நினைத்தார். உட்கார்ந்தார். நடக்க ஆரம்பித்ததும் சொல்லலாம் என்று நினைத்தார். தள்ளிப்போட்ட பேச்சு ஒரு நாளும் லேசானதில்லை, கனத்துக்கொண்டேதான் போகும். அவருக்கும் அது தெரியும். தெரிந்தே தள்ளினார். படுத்த படுக்கையில் கிடப்பவனைப் பார்த்து ஊரே பரிதாபப்படும்போது, தப்பு என்னுடையதும்தான் என்று சொல்ல மனம் வரவில்லை. வெட்கக்கேடுதான், வேறென்ன.

ஐந்தாம் மாதம் அத்தை படுத்துவிட்டார், மனைவியின் அம்மா. மகன் வீட்டில் இருந்தார். மகள், அண்ணன் பட்டறைக்குப் போன பிறகு வருவாள், அவன் திரும்புவதற்குள் போய்விடுவாள். அத்தைக்குப் பேச்சு குழறிவிட்டது. ஆனாலும் ஒன்றை மட்டும் விடாமல் கேட்டார். "ரெண்டு பேரும் ஒரு தடவ சேந்து வந்து நில்லுங்க. பாத்துட்டுப் போறேன்."

கடைசி நாளில் நின்றார்கள் என்றும் சொல்லலாம், நிற்கவில்லை என்றும் சொல்லலாம். மகள் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோது மகன் வந்துவிட்டான். அவன் இந்தப் பக்கம் வர, அவள் எழுந்து அந்தப் பக்கமாக வெளியே போய்விட்டாள். அத்தையின் கண் அவள் போன வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வாசலில்தான் சின்ன மச்சான் சக்கர நாற்காலியில் இருந்தார். வார்த்தை தொண்டைக்குழி வரை வந்தது. மென்று விழுங்கிவிட்டார். இரண்டு மணி நேரம் கழித்து அத்தை போய்விட்டார். அதற்குப் பிறகு அது சொல்லத் தள்ளிப்போட்ட விஷயமாக இல்லை, மறைத்த விஷயமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில், நடைப்பயிற்சி என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, கைத்தடியை ஊன்றிக்கொண்டு சின்ன மச்சான் பட்டறைக்கு நடந்தார். முன்பெல்லாம் இருபது நிமிஷம். இப்போது முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஷோரூமில் போய் நின்று தடுமாறக் கூடாது, அதற்கு முன்னால் ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், ஞாபகம் வந்த நாளிலிருந்து எட்டு மாதமாகத் தொண்டையில் கிடந்தது.

விடுமுறை நாளிலும் பெரிய மச்சான் இருந்தார். கதவைப் பாதி இழுத்துவிட்டு உள்ளே ஒரு கார்புரேட்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். ஆள் இளைத்திருந்தார். பட்டறையும் இளைத்திருந்தது, பத்து வண்டி நிற்கும் இடத்தில் மூன்று நின்றன. ஓட்டிப் பார்க்க ஆள் இல்லாத பட்டறைக்கு யார் வருவார்கள்?

"வா மாப்ள" என்றார். நேற்றுப் பார்த்தவர் மாதிரி. ஆனால் எழுந்திருக்கும்போது கழுவிய மண்ணெண்ணெயைத் தட்டிவிட்டுக் கொட்டிவிட்டார். ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். சின்னவர் உட்காரவில்லை.

"மச்சான், வண்டி ஓட்டணும்."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

பெரிய மச்சான் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு பட்டறையின் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த பழைய வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார். பெரிய ஸ்பேனரை எடுத்துச் சின்னவர் கையில் கொடுத்தார். "நீயே முறுக்கு. ரெண்டு சக்கரமும்."

சின்னவர் அடிபட்ட காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து முறுக்கினார். முறுக்கி முடித்து ஸ்பேனரைத் துடைத்து ஆணியில் மாட்டினார். பெரியவர் அதே ஸ்பேனரை எடுத்து ஒவ்வொரு நட்டாக அசைத்துப் பார்த்தார். தம் கட்டி, முழுப் பலத்தோடு. இரண்டு தடவை பார்த்தார். அவர் மூன்றாவது தடவையும் ஸ்பேனரைப் போடப் போனதும் சின்னவரால் பொறுக்க முடியவில்லை.

"மச்சான், அன்னிக்கு நான் முறுக்கவே இல்ல. போன் வந்துச்சு, எந்திரிச்சுப் போயிட்டேன்."

பெரிய மச்சான் நிமிரவில்லை. "தெரியும் மாப்ள" என்றார்.

"தெரியுமா?"

"ஸ்பேனர் தரையிலயே கெடந்துச்சு. நீ முறுக்கி முடிச்சா தொடச்சு மாட்டிட்டுத்தான் நகருவ. பதினோரு வருஷமா பாக்கறேன். அன்னிக்கு சாயங்காலம் கடைய சாத்த வந்தப்பவே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன் மச்சான் சொல்லல?"

"யாருகிட்ட சொல்றது? நீ மூச்சுக்கு மிஷின் வெச்சுக் கெடந்த. கெடக்கறவன் மேல கைய நீட்டறதா? நானும் பாக்காமத்தான வெச்சேன். நான் சொன்னதுல பொய் இல்லையே." மூடியை எடுத்துப் பெயிண்டைக் கலக்கினார். "உனக்குக் கால் போச்சு. எனக்கு பேரு மட்டும்தான போச்சு."

"அத்தை..." என்று சின்னவர் ஆரம்பித்தார்.

"அதைப் பேசாத." குரல் சட்டென்று உயர்ந்து, உடனே தணிந்தது. "அதை மட்டும் பேசாத மாப்ள. கேக்கறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல."

நட்டுகளுக்கு ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்து முடித்தார். பிறகு பெரியவரே சொன்னார். "அவகிட்ட சொல்லித் தொலச்சுடாத. இப்ப ஒருத்தன் மேலதான் கோவமா இருக்கா. ரெண்டு பேர் மேலயும் கோவமாயிட்டா அவளுக்கு யாரு இருக்கா? நீ ஷோரூமுக்குப் போ. நல்லாரு. நான் எப்படியோ பாத்துக்கறேன்."

ஷோரூம் விஷயம் அவருக்கு எப்படித் தெரியும் என்று சின்னவர் கேட்கவில்லை. வண்டித் தொழிலில் எந்த ரகசியமும் ஒரு நாளுக்கு மேல் தங்காது. அவருடைய ரகசியம் மட்டும்தான் பத்து மாதம் தங்கியது, அதுவும் பெரிய மச்சான் கட்டிக் காத்ததால்.

ஏறி உட்கார்ந்தார். குட்டையான இடது கால் தரையைத் தொடவில்லை. வலது காலை ஊன்றிக்கொண்டார். கியர் போட முழங்கால் முனகியது. தெருமுனை வரை போனார், திரும்பினார், இன்னொரு தடவை போனார். உடம்புக்கு ஒன்றும் மறக்கவில்லை. கிளட்சை விடும் அளவு, வளைவில் தோளைச் சாய்க்கும் அளவு, எல்லாம் அப்படியே இருந்தது. காற்று சட்டைக்குள் புகுந்து உப்பியது. ஒரே ஒரு நிமிஷம் அவருக்குச் சிரிப்பு வந்தது. பத்து மாதத்தில் முதல் சிரிப்பு. உடனே கண் கலங்கி ரோடு மங்கியது, ஓரமாக நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பட்டறைக்குத் திரும்பாமல் வீட்டுப் பக்கம் விட்டார். சொல்வதாக எண்ணமில்லை. பெரிய மச்சான் சொன்னதில் நியாயம் இருந்தது. அவள் தாங்க மாட்டாள். அவளுக்கு மிச்சமிருப்பது புருஷன் ஒருவன்தான், அவனையும் பிடுங்குவானேன் என்று வழிநெடுக நினைத்துக்கொண்டே வந்தார். தனக்குச் சாதகமான நியாயம் என்றால் மனிதனுக்கு எவ்வளவு சீக்கிரம் விளங்குகிறது!

வண்டிச் சத்தம் கேட்டு மனைவி ஈரக்கையோடு வாசலுக்கு வந்தாள். அவரைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஓடி வந்து கைப்பிடியைப் பிடித்தாள், அவர் தோளைத் தொட்டாள், காலைத் தொட்டாள்.

"ஓட்டிட்டீங்களா? தனியாவா வந்தீங்க?" என்று சிரித்தாள். அழுதாள். அப்போதுதான் வண்டி எந்த வண்டி என்று கண்ணில் பட்டது. முகம் மாறிவிட்டது. "இது அந்தப் பட்டறை வண்டியாச்சே. அங்கயா போனீங்க? எங்கண்ணன் கைபட்ட வண்டியிலயா ஏறினீங்க? உங்களுக்கு உயிர் மேல ஆசையே இல்லையா?"

"நான்தான் முறுக்கினேன்" என்றார் சின்ன மச்சான், அவளைச் சமாதானப்படுத்த.

அவள் மூச்சை விட்டாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப சரி. நீங்க முறுக்கினதுன்னா எனக்கு பயமே இல்ல. அன்னிக்கும் நீங்க ஒழுங்காத்தான் முறுக்கியிருப்பீங்க. அவன்தான் பொட்டு வெக்கறேன்னு எதையோ கெளறிவிட்டிருக்கான்."

சின்ன மச்சானால் அதற்கு மேல் முடியவில்லை. அவள் தன்மேல் வைத்திருந்த நம்பிக்கையை நேருக்கு நேர் பார்க்க முடியவில்லை. வண்டியில் உட்கார்ந்தபடியே சொல்லிவிட்டார். விரலால் சுற்றிய இரண்டு சுற்று, போன், தண்ணீர், ஈரப் பொட்டு. உங்கண்ணனுக்கும் தெரியும், தெரிந்தே வாயைத் திறக்கவில்லை என்பதையும் சொன்னார்.

அவள் கத்துவாள் என்று நினைத்தார். கத்தவில்லை. கைப்பிடியிலிருந்து கையை எடுத்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"உங்களுக்கு எப்ப ஞாபகம் வந்துச்சு?"

இன்றைக்குத்தான், பட்டறையைப் பார்த்ததும் வந்தது என்று சொல்லலாம். வாயில் தயாராக இருந்தது. அவள் நம்புவாள், டாக்டரும் அப்படி வரலாம் என்று சொல்லித்தான் இருந்தார். அந்த ஒரு பொய்யில் மிச்ச வாழ்க்கையைக் காப்பாற்றிவிடலாம்.

"ரெண்டாம் மாசம்" என்றார்.

"அப்ப எங்கம்மா இருந்தாங்க இல்ல?"

"இருந்தாங்க."

அவள் உள்ளே போனாள். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து செருப்பை மாட்டினாள். ஒரு செருப்பின் வார் ஏறவில்லை, குனிந்து இரண்டு மூன்று தடவை இழுத்தாள்.

"பட்டறைக்கா? ஏறிக்கோ, கொண்டுபோய் விடறேன்" என்றார். அதைச் சொல்ல அவருக்கு என்ன யோக்கியதை என்று தெரியவில்லை, ஆனால் சொன்னார்.

"வேண்டாம். நடந்தே போயிடறேன்."

படி இறங்கித் தெருவில் நடந்தாள். ஐந்தாறு வீடு தாண்டியதும் நடை ஓட்டமாகிவிட்டது. ஒரு கையால் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யாரோ சாகக் கிடக்கிறார்கள், இப்போது போனால்கூடப் பார்த்துவிடலாம் என்பதுபோல் ஓடினாள். சின்ன மச்சான் வண்டியைத் திருப்பவில்லை. என்ஜினை நிறுத்திவிட்டு, வலது காலை ஊன்றியபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.